கை பிந்தினால் என்ன?

கள்ளக்குறிச்சியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடுவதுண்டு. இலக்கியம் பேசக் கூடுகிறோம் என்று வீடுகளில் சொல்லியிருக்கிறோம். அது முழுப் பொய்யும் அன்று. பேச்சு ஓய்ந்த பிறகு, கூடத்துத் தொலைக்காட்சியோடு ஒரு பிளேஸ்டேஷனை இணைத்துச் சண்டை விளையாட்டு ஆடுவோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் அல்லது டெக்கன். எங்களுள் இளையவருக்கே நாற்பத்திரண்டு வயது. மூத்தவர் ஐம்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் அதிகம் வெல்பவர் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இக்கட்டுரைக்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

மற்றொரு காரணம் கல்லூரி மாணவர் ஒருவர். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையை ஒட்டிய சிற்றூர்க்காரர். நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். எங்களுள் ஒருவருக்கு மாணவராக அறிமுகமாகி, புத்தகம் வாங்கிப் போக வந்தவர், திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். உட்காரச் சொன்னோம். "வேணாம் சார். நமக்குக் கை ஸ்லோ. அதனால விட்டுட்டேன்" என்றார். சொன்ன விதம் எங்களைத் தைத்தது. கண்பார்வை குறைவு, குரல் கட்டை என்பதைப் போல, பிறவியிலேயே தீர்ப்பாகிவிட்ட ஒன்றைப் பற்றிய தொனி அது. பத்தொன்பது வயது.

எப்படித் தெரியும் என்று கேட்டோம். கைப்பேசியில் ஒரு செயலி இருக்கிறதாம். திரை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதும் தொட வேண்டும். எத்தனை மில்லி நொடி என்று அது சொல்லும். இவருக்கு 310 வந்ததாம். விடுதி அறையில் மற்றவர்களுக்கு 250, 260. கூடவே, நண்பர்களோடு இணையவழியில் ஆடியபோதும் அடி வருவதைப் பார்த்துத் தடுக்கும் முன்னரே விழுந்துவிடுகிறதாம். இரண்டு சான்றுகள். ஒரு குற்றத்தை நிரூபிக்க நீதிமன்றத்தில்கூட இவ்வளவு போதும் போலும்.

இந்த இரண்டு சான்றுகளும் பொய் என்பதுதான் எங்கள் வழக்கு. அவர் மீது பரிவு காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை.

முதலில் ஒரு சொல்லை விலக்க வேண்டும். தமிழில் இத்திறனைப் பேசுகிறவர்கள் உடனே 'அனிச்சை' என்கிறார்கள். அனிச்சைச் செயல் என்பது நம் இச்சையின்றி நிகழ்வது. சுடுபாத்திரத்திலிருந்து விரல் விலகுவதும், முழங்காலைத் தட்டினால் கால் உதறுவதும் அவ்வகை. அவை மூளையின் ஆலோசனைக்குக் காத்திருப்பதில்லை; தண்டுவடத்தோடு கணக்கு முடிந்துவிடும். சண்டை விளையாட்டில் நடப்பது அதுவன்று. கண் பார்க்கிறது, மூளை இன்னதென்று அடையாளம் காண்கிறது, செய்ய வேண்டியதைத் தேர்கிறது, கைக்குச் சொல்லி அனுப்புகிறது. எதிர்வினை என்பதே சரியான சொல். அதில் தேர்வு இருக்கிறது. தேர்வு இருக்கும் இடத்தில் கல்விக்கும் இடம் உண்டு.

இனிக் கணக்கு. இவ்விளையாட்டுகளில் திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஒரு மாற்றத்துக்குப் பிரேம் என்று பெயர், ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. கண்ணால் கண்ட ஒன்றுக்குக் கையால் பதில் சொல்ல, நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கு 200 முதல் 250 மில்லி நொடி வரை ஆகும். அதாவது 12 முதல் 15 பிரேம். இது மிக எளிய சோதனையில், ஒரே ஒரு விளக்குக்கு ஒரே ஒரு பொத்தான் என்ற நிலையில் கிடைப்பது. இப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ஐ எடுத்துக்கொள்வோம். 2023இல் வந்தது. அதில் மிக விரைவான குத்து நான்கு பிரேமில் எதிராளியைத் தொட்டுவிடும். பிடித்து எறிதலுக்கு ஐந்து பிரேம். 67 மில்லி நொடி, 83 மில்லி நொடி. இவற்றைப் பார்த்துத் தடுக்கும் மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. உலகச் சாம்பியனும் மலையூர் மாணவரும் இங்கே சமம். இருவருக்குமே இயலாது.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். எதிராளி குதித்து வந்து தாக்குகிறார் என்றால், அந்தக் குதி முடிய ஏறத்தாழ முக்கால் நொடி ஆகும். உடலெல்லாம் வண்ணச் சிதறலோடு பாய்ந்து வரும் டிரைவ் இம்பாக்ட் என்னும் தாக்குதலுக்கு 26 பிரேம். 430 மில்லி நொடிக்குச் சற்று மேல். 310 மில்லி நொடிக்காரருக்கும் இங்கே நேரம் மிச்சமிருக்கிறது. ஆக, ஆட்டத்தில் நிகழ்பவற்றுள் ஒரு பகுதி எவராலும் பார்த்துத் தடுக்க முடியாதது. இன்னொரு பகுதி எல்லோராலும் முடிவது. நடுவில் உள்ள மெல்லிய பட்டையில்தான் விரைந்த கைக்கும் மெதுவான கைக்கும் வேறுபாடு தெரியும். அந்தப் பட்டை உண்டு என்பதை மறுக்கவில்லை. அதன் அகலத்தைப் பற்றிய பயம்தான் மிகை.

அப்படியானால் எல்லோராலும் முடிவதை ஏன் எல்லோரும் தவறவிடுகிறோம்? முக்கால் நொடி வானத்தில் இருப்பவரை ஏன் நிமிர்ந்து பார்க்காமல் அடி வாங்குகிறோம்? நாங்கள் வாங்கியிருக்கிறோம், எண்ணற்ற முறை. அந்த நேரத்தில் மனம் வேறெதற்கோ காத்திருந்தது என்பதுதான் விடை. 1952இல் ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதை அளந்து காட்டினார். எதிர்பார்க்கும் சாத்தியங்கள் பெருகப் பெருக, பதில் சொல்ல எடுக்கும் நேரமும் நீள்கிறது. ஒரு விளக்கு என்றால் ஒரு நேரம். எட்டு விளக்குகளுள் எது எரியும் என்று தெரியாவிட்டால் நேரம் வெகுவாகக் கூடுகிறது. குதிப்பாரா, எறிவாரா, தாழ உதைப்பாரா, நெருங்கிப் பிடிப்பாரா, சும்மா இருப்பாரா என்று ஐந்தையும் ஒருசேரச் சுமந்துகொண்டு உட்கார்ந்தால் உலகின் விரைந்த கையும் பிந்தும்.

எங்கள் மூத்தவர் வெல்லும் சூட்சுமம் இங்கேதான். அவருக்கு மூக்குக்கண்ணாடி, இரண்டு ஆண்டுகளாக வலக்கைக் கட்டைவிரலில் வலி வேறு. அவர் எப்போதும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் நிற்பார். எதிராளியின் காலும் கையும் எட்டாத, ஆனால் இரண்டடி வைத்தால் எட்டிவிடும் தொலைவு. அங்கிருந்து பார்த்தால் நடக்கக்கூடியவை இரண்டே. குதித்து வரலாம், ஓடி வரலாம். மற்றவை எல்லாம் வெறும் காற்றில் வீச்சு. ஐந்து கேள்விகளை இரண்டாக்கிக்கொண்டு, அந்த இரண்டுக்கும் விடையை முன்பே விரலில் வைத்துக் காத்திருக்கிறார். நெருங்கி நிற்கவேண்டிய நிலை வந்தால் குந்தியபடி தற்காத்துக்கொள்கிறார். குந்தினால் தாழ்ந்த அடிகள் எல்லாம் தாமாகவே தடுபடும். மேலிருந்து விழும் அடிகள் மட்டுமே பாக்கி, அவையோ பெரும்பாலும் மெதுவானவை. எழுந்து தடுக்க அவகாசம் உண்டு. (டெக்கனில் இது தலைகீழ். நின்று தற்காப்பதே இயல்பு நிலை, தாழ்ந்த அடிகளுள் மெதுவானவற்றுக்கு மட்டும் குனியலாம்.) விரைவானதை இயல்பு நிலையாலும் மெதுவானதைக் கண்ணாலும் தடுப்பது. இதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து ஆண்டு ஆனது என்கிறார்.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. பாடி வருகிறவரின் கை எங்கே வரும் என்று மூலையில் நிற்பவர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்த்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவார். எட்டித் தொட வேண்டுமானால் ஒரு காலை ஊன்றியாக வேண்டும். அந்தக் கால் ஊன்றும் கணத்துக்காகத்தான் மூலைக்காரர் காத்திருக்கிறார். பிடி விழுவது கணுக்காலில். கோடுகளும், பின்னால் நிற்பவர்களின் கைச்சங்கிலியும், பாட்டுக்கு உள்ள 30 நொடி வரம்பும் சேர்ந்து வருகிறவரின் வழிகளை ஏற்கெனவே குறுக்கி வைத்திருக்கின்றன. சிலம்பத்திலும் கம்பை வீசக் கற்பதற்கு முன்னே காலடி கற்றுத் தருகிறார்கள். சுழலும் கம்பின் நுனியைக் கண்ணால் தொடர்வது வீண் வேலை; தோளும் இடுப்பும் பாதமும் அதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுகின்றன. வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், அதே பெயரில் இரண்டு வைத்தார். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. மூன்றாவதாகக் களத்துக்கும் ஒன்று வைத்திருக்கலாம் என்று எங்களுள் ஒருவர் சொல்வார். மிகை என்று தள்ளினாலும் ஆசை நியாயமானதே.

கிரிக்கெட்டில் இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்திருக்கிறார்கள். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து மட்டையை அடைய அரை நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. 1987இல் பீட்டர் மெக்லவுட் என்ற உளவியலாளர், பந்து எதிர்பாராமல் திரும்பும்படி தளத்தைச் சமைத்து, தேர்ந்த மட்டையாளர்களை ஆடவைத்தார். பந்து தரையில் பட்டுத் திரும்பிய பிறகு, ஏறத்தாழ 200 மில்லி நொடிக்குள் மட்டையின் போக்கை அவர்களாலும் மாற்ற முடியவில்லை. தேர்ச்சி பெற்றவர்களுக்கும் நமக்கும் அந்த 200 பொது. பின்னர் 2000ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்டுடன் சேர்ந்து மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது வேறுபாடு எங்கே என்று புலப்பட்டது. நல்ல மட்டையாளர் பந்தைக் கடைசிவரை தொடர்வதில்லை. கையிலிருந்து புறப்படும்போது பார்க்கிறார். பிறகு பந்து விழப்போகும் இடத்துக்குத் தம் கண்ணை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

சண்டை விளையாட்டின் வரலாற்றில் விரைவுக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2004ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் ஈவோ போட்டி. ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் மூன்றாம் பதிப்பில் மோதுகிறார்கள். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர்க்கோட்டில் ஒரு கீற்று மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலே அதன் கசிவில் செத்துவிடும் நிலை. வோங் தம் பெருந்தாக்குதலை ஏவுகிறார்; 15 உதைகள். டைகோ ஒவ்வோர் உதைக்கும் சரியான கணத்தில் எதிராளியை நோக்கிக் கைப்பிடியைத் தட்டித் தட்டி, பதினைந்தையும் சேதமின்றி ஏற்று, எழுந்து, வென்றார். அரங்கம் எழுப்பிய கூச்சலை இன்றும் காணொளியில் கேட்கலாம்.

மின்னல் வேகம் என்றார்கள். நாங்களும் நெடுநாள் அப்படித்தான் நம்பினோம். ஆட்டத்தின் உள்விதிகளைப் படித்த பிறகே தெரிந்தது, அந்த முதல் உதையைக் கண்டு தடுப்பது இயலாத காரியம் என்று. தாக்குதல் திரையில் தெரிந்தபின் தட்டினால் காலம் கடந்திருக்கும். வோங் இப்போது ஏவுவார் என்று ஊகித்து முன்பே தட்டியிருக்க வேண்டும். எஞ்சிய பதினான்கும் தாள அடைவு. பலமுறை வாசித்துக் கையில் ஏறிப்போன சொற்கட்டைத் தவில்காரர் வாசிப்பது போன்றது. அங்கே டைகோ வென்றது எதிராளியின் பொறுமையின்மையை. அதே போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் வேறொருவரிடம் தோற்றுப்போனார் என்பதைப் புகழ்பாடுகிறவர்கள் சொல்வதில்லை. பின்பு சில காலம் விளையாட்டையே விட்டுவிட்டு, முதியோரைப் பராமரிக்கும் பணிக்குப் போனார். திரும்பி வந்து 2009 ஈவோவில் பட்டம் வென்றார். நிதானமாக நகர்பவர்களின் நடுவே கழித்த அந்த நாள்கள் அவர் ஆட்டத்துக்கு ஏதேனும் தந்தனவா என்று யோசிக்க எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் அதில் உரிமை கொண்டாட மாட்டோம்.

வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து, 24 வயதிலிருந்தே எதிர்வினை வேகம் மெல்லக் குறையத் தொடங்குகிறது என்று சொன்னது. (அது சண்டை விளையாட்டு அன்று, படை நடத்தும் விளையாட்டு, ஆனாலும் நொடிக்கணக்குதான்.) 24 என்ற எண் மட்டும் செய்தியாக ஊரெங்கும் பரவியது. மூத்தவர்கள் எளிய உத்திகளாலும் சிக்கனமான அசைவுகளாலும் அந்த இழப்பை ஈடுகட்டுகிறார்கள் என்ற குறிப்பும் அதே ஆய்வில் இருந்தது, அது பரவவில்லை. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கினார்கள். தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்வூ. அப்போது அவருக்கு 44 வயது. இந்தியாவிலிருந்தும் இருவர் ஆடினர், பதக்கம் கிட்டவில்லை. கிம்மின் வயதை அறிந்த அன்று எங்கள் மூத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார்.

நிற்க. எல்லாம் ஊகம்தான், வேகம் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊகம் தவறும். தவறும்போது விரைந்த கை உள்ளவர் மீண்டுவிடுவார், நாங்கள் மீள மாட்டோம். டிரைவ் இம்பாக்ட் போன்ற தாக்குதல்கள், எதிராளியின் கவனம் வேறெங்கோ இருக்கும்போது அதைச் சோதிப்பதற்காகவே அமைக்கப்பட்டவை என்பது எங்கள் சந்தேகம். 430 மில்லி நொடியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் அடி வாங்கும் இடம் அது. இளையவரோடு ஆடி அதனால் மட்டுமே தோற்ற ஆட்டங்கள் உண்டு. தோற்ற பின் மனம் கசந்ததும் உண்டு. ஆனால் அந்தக் கசப்பின் காரணமாகச் செயலியில் பச்சை விளக்குத் தொட்டுத் தொட்டுப் பழகுவது பயனற்றது. அதில் தேர்ச்சி கூடினால் பச்சை விளக்குத் தொடுவதில் கூடும். அதே நேரத்தை, தோற்ற ஆட்டத்தின் பதிவை மீண்டும் பார்த்து, எதிராளி எந்த நிலையில் எதை விரும்புகிறார் என்று எழுதி வைப்பதில் செலவிடலாம். மனிதர்கள் தங்களைத் தாங்களே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். அச்சம் வந்தால் ஒன்று செய்வார்கள், வெற்றி நெருங்கினால் ஒன்று. இலக்கியம் படிக்கிற கூட்டத்துக்கு இது தெரியாததா?

இன்னொரு படியும் இருக்கிறது. எதிராளி என்ன செய்வார் என்று காத்திருப்பதைக் காட்டிலும், அவரை ஒன்றைச் செய்யவைப்பது மேல். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐக் காசு போட்டு ஆடிய தலைமுறைக்கு இது பாலபாடம். ரியூ ஒரு நெருப்புருண்டையை எறிவான். இன்னொன்று எறிவான். எரிச்சலுற்ற எதிராளி குதிப்பார். குதிக்கும் இடத்தில் மேல்வெட்டுக் குத்து காத்திருக்கும். எறிந்தவர் குதியைப் 'பார்த்து' அடித்தார் என்று தோன்றும். அவரோ குதிக்குச் சீட்டு எழுதி அனுப்பியவர். பிறகு டெக்கன் 3 வந்து, வீடியோ கேம் கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, எடி கோர்டோவை எடுத்துக்கொண்டு பொத்தான்களைக் கண்மூடி அழுத்துபவர்களிடம் நாங்கள் தோற்ற கதை வேறு. அவமானங்களைப் பற்றித் தனியே எழுதலாம்.

இனி அந்த மாணவரின் சான்றுகளுக்கு வருவோம். 310 என்ற எண் அவருடைய கையின் எண் அன்று. விரல் தொட்டதைத் திரை உணர வேண்டும், செயலி அறிய வேண்டும், நிறம் மாறியதைத் திரை காட்ட வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகளில் இவை ஒவ்வொன்றும் தம் பங்குக்கு நேரம் எடுத்துக்கொண்டு, மொத்தத்தையும் அவர் பெயரில் எழுதிவிடுகின்றன. எங்கள் கூடத்தில் இருந்த மேசைக் கணினியில், கம்பியுள்ள சுட்டியைக் கொடுத்து அதே சோதனையைச் செய்யச் சொன்னோம். பத்து முறைக்குச் சராசரி 238. எங்கள் மூவருக்கும் அதைவிடக் கூடுதல். கருவி திருடும் நேரம் எல்லோரிடமும் நடப்பதுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 முதலில் 2016இல் பிளேஸ்டேஷனில் வந்தபோது, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே ஏறத்தாழ எட்டுப் பிரேம் தாமதம் இருந்தது என்று ஆட்டக்காரர்கள் அளந்து காட்டிக் கண்டித்தார்கள். பின்னர் அதைக் குறைத்தார்கள். எட்டுப் பிரேம் என்றால் 130 மில்லி நொடி. இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட அதிகம் அது.

இரண்டாவது சான்று, இணையத்தில் ஆடும்போது கை பிந்துவது. இதில்தான் இடம் வந்து சேர்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் மில்லி நொடி போதும். ஆகவே தூரம் குற்றவாளி அன்று. மலைமேல் ஊருக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடையே, நடுவில் நிற்கும் குன்றுக்கும் மரத்துக்கும் இடையே, ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பல சிற்றூர்களின் நெரிசலில், செய்தி நின்று நின்று போகிறது. அது நிலையாகப் பிந்துவதுமில்லை. ஒரு முறை 60 மில்லி நொடி, மறுமுறை 250. நிலையான தாமதத்துக்குக் கை பழகிக்கொள்ளும். தாறுமாறான தாமதத்துக்கு எந்தக் கையும் பழகாது. அந்த மாணவர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆடிய ஆட்டங்களை வைத்துத்தான் தம் உடலைப் பற்றி முடிவுக்கு வந்திருந்தார். கோபுரத்தின் குறையைத் தம் நரம்பில் எழுதிக்கொண்டார்.

பொறியாளர்கள் இந்தத் தாமதத்தைச் சமாளித்த கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. முன்பு, எதிராளியின் செய்தி வந்து சேரும்வரை இரு பக்க ஆட்டத்தையும் நிறுத்தி வைப்பார்கள். ஆட்டம் சேற்றில் நடப்பதைப் போலிருக்கும். ஈவோ போட்டியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டோனி கேனன் 2000களின் நடுவில் வேறு வழி கண்டார். செய்திக்குக் காத்திராதே, எதிராளி சென்ற கணம் செய்ததையே இக்கணமும் செய்கிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நடத்து, உண்மைச் செய்தி வந்தபின் ஊகம் தவறு என்று தெரிந்தால், சில பிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு மறுபடி முன்னால் வா. ரோல்பேக் என்று அதற்குப் பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2024இல் வந்த டெக்கன் 8 எல்லாம் இம்முறையில்தான் இயங்குகின்றன. இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது, ஏனெனில் மனிதர் நொடிக்கு 60 முறை மனம் மாறுவதில்லை. தாமதமாக அறியும் இயந்திரமும் கடைசியில் எங்கள் மூத்தவர் செய்வதைத்தான் செய்கிறது. பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் வசதி மட்டும் அவருக்கு இல்லை. ஆனால் இணைப்பு மிகவும் தடுமாறினால் ரோல்பேக்கும் கைவிட்டுவிடும். பாத்திரங்கள் இங்கிருந்து அங்கே தாவும், விழுந்த அடி விழாததாகும். வெள்ளிமலையில் அதைத்தான் பார்க்க முடிகிறது.

வேறு வழி இல்லையா? 2019 வரை டெக்கன் உலகம் ஜப்பானையும் கொரியாவையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டிக்கு, விசா, விமானம் என்று பல தடங்கல்களைக் கடந்து லாகூரிலிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் பட்டம் வென்றார். ஆகஸ்டில் அமெரிக்க ஈவோவையும் வென்றார். அதன்பின் மேலும் பல முறை. ஊரில் தம்மைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. கொரியாவின் பெரும் ஆட்டக்காரரான நீ என்பவர் பாகிஸ்தானுக்கே நேரில் சென்று ஆடிப் பார்த்து, தோற்று, அது உண்மை என்று உலகுக்குச் சொன்னார். லாகூர் வீரர்கள் வளர்ந்தது கைப்பேசியிலோ வீட்டு இணையத்திலோ அன்று. தெருக்கோடி விளையாட்டுக் கடைகளில், தோளோடு தோள் உரச, பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் மூச்சு கேட்க ஆடி வளர்ந்தவர்கள். பக்கத்தில் அமர்ந்து ஆடினால் கோபுரம் இல்லை, தாமதம் இல்லை. எதிராளியின் தோள் அசைவும் தெரியும்.

எனவே எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு மின்விளையாட்டை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. நல்லது. ஆனால் இந்த ஏற்பின் பயன் வேகமான இணைப்பும் விலையுயர்ந்த திரையும் உள்ள பெருநகர வீடுகளோடு நின்றுவிடும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் சிலம்பத்துக்கும் கபடிக்கும் இடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்கவும் வேண்டும். அவற்றின் பக்கத்தில் ஓர் அறை, நான்கு திரை, நான்கு இயந்திரம், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்திருக்கும் ஒரு கதவு என்று கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். இம்மாவட்டத்தின் பெயர் 2024 சூனில் நாடு முழுவதும் எதற்காக ஒலித்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், மாலை நேரத்தில் கூடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதைச் சிரிக்காமலும் கேட்கலாம். அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் முதலில் வரட்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. அறையைப் பட்டியலின் கடைசியிலாவது எழுதுங்கள் என்கிறோம்.

அதுவரை எங்கள் கூடம் இருக்கிறது. மாணவர் இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். முதல் மூன்று வாரம் எல்லா ஆட்டத்திலும் தோற்றார். நான்காம் வாரம் ஒரு சிறு குறிப்பேட்டோடு வந்தார். அதில் மூத்தவரின் பெயரை எழுதி, அடியில், உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கினால் பின்னால் ஓரடி வைத்துவிட்டுத்தான் குதிக்கிறார் என்று எழுதியிருந்தார். எங்களுக்கே பல ஆண்டுகளாகத் தெரியாமலிருந்த செய்தி அது. அன்று முதன்முறையாக ஓர் ஆட்டம் வென்றார். மறு ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கச்சிராயபாளையம் வழியாக ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் வீட்டில் ஏதோ விசேஷமாம். கைப்பிடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து ஓடினார். மூத்தவர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி வைத்தார். இயந்திரத்தை அணைக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.